நட்டின் மேல் இழுத்த சிவப்புக் கோடு

ஒரு வாரமாக நம் வகுப்புக் குழுவில் எல்லோரும் பால்யம், பால்யம் என்று உருகிக்கொண்டிருக்கிறீர்கள். ஒருவர் வாய்க்காலில் குளித்ததை எழுதுகிறார். ஒருவர் நாவற்பழம் பொறுக்கியதை எழுதுகிறார். கனடாவிலிருந்து ஒருத்தி எதை வாசித்தாலும் அழுகிற முகங்களாகப் போட்டு நிரப்புகிறாள். அறுபது தாண்டினால் எல்லோருக்கும் இந்த வியாதி வருகிறது போலும். நீயும் ஏதாவது எழுதடி என்று கேட்டீர்கள். சரி, எழுதுகிறேன். இடது கையால் தட்டுவதால் கொஞ்சம் சுணங்கும். வாசித்த பிறகு என்னைக் குழுவிலிருந்து தூக்கினாலும் எனக்குக் கவலையில்லை.

இதைக் கிளறிவிட்டவன் என் மருமகன், அண்ணாவின் மகன். முரசுமோட்டையில் எங்கள் பழைய வளவில் தகரக் கொட்டகை போட்டு, சின்ன லேத் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். பகலில் பரந்தனில் கடை, பின்னேரத்தில் இந்த விளையாட்டு. கடைசலுக்குப் போகும் இரும்பைப் பிடித்து வைக்கிற சாமான்களைக் கடையில் வாங்கினால் விலை என்று, யூரியூப்பைப் பார்த்துப் பார்த்து அவனே மலிவாகச் செய்துகொள்கிறான். போன கிழமை அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"மாமி, அப்பப்பாவின்ரை லேத்தில சக்கே இல்லையாமே. அவர் எப்பிடிச் சாமானைப் பிடிச்சுக் கடைஞ்சவர்? உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

என்னுடைய வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவன்மேல் குற்றமில்லை. இது போலியோவில் போன கை என்று நினைத்து வளர்ந்தவன். அண்ணா அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உங்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், ஏனென்றால் நான் உங்களோடு வந்து சேர்ந்தபோது கை இப்படித்தான் இருந்தது.

முதலில் தொழிலைச் சொல்கிறேன். அது விளங்காவிட்டால் மற்றது விளங்காது.

லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டு, கூரான உளியால் சீவி உருவம் கொடுக்கிற இயந்திரம். சுழல்கிற இரும்பைக் கவ்விப் பிடிக்கிற தலைக்குத்தான் சக் என்று பெயர். அப்பா வாங்கிய பழைய லேத்தில் அந்தத் தலை இல்லை. இல்லாததால்தான் அது அவருக்கு எட்டுகிற விலைக்கு வந்தது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம். மிளகாயும் வெங்காயமும் பயிர்செய்தவர்கள் கையில் காசு புழங்கிய காலமும் அதுதான். எல்லாத் தோட்டத்திலும் தண்ணீர் இறைக்கிற மிசின் இருந்தது, எந்தக் கடையிலும் அதற்கு உதிரிப்பாகம் இல்லை. அதனால் அச்சு தேய்ந்தாலும், புஷ் உடைந்தாலும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அப்பாவிடம் சக் இல்லை, ஆனால் பிடிக்கத் தெரியும். லொறியின் ஒடிந்த வில்லுத் தகடுகளை அறுத்து, காய்ச்சி வளைத்து, கவ்விப் பிடிக்கிற நகங்களாக்கினார். மாட்டுவண்டிச் சில்லின் இரும்புப் பட்டத்தை வெட்டிப் பட்டிகள் செய்தார். பாலைமரக் குற்றியை நடுவில் துளைத்து, நெடுக்கே இரண்டாகப் பிளந்து, பட்டியால் சுற்றி, போல்ட் போட்டு இறுக்குவார். உருண்டையான எதுவும் அந்த மரத்தின் வயிற்றுக்குள் அசையாமல் கிடக்கும். மண்ணெண்ணெய் எஞ்சின் கொட்டகைக்கு வெளியே இடித்துக்கொண்டிருக்க, தோல் பட்டி ஓட, கடைசலின் சூட்டில் பாலைமரம் கருகி ஒரு இனிப்பு வாசம் எழும். இன்றைக்கும் எங்காவது மரம் கருகினால் நான் அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன்.

மெல்லிய பித்தளைக் குழாய் வந்தால், முதலில் அதற்குள் இறுக்கமாக ஒரு மரத்துண்டைச் செலுத்திவிட்டுத்தான் பிடிப்பார். "வெறுங்குழாயை இறுக்கினா நசிஞ்சு போகும்" என்று வந்தவர்களுக்கு விளக்குவார். மேலே கீறல் விழாமல் சைக்கிள் ரியூப்பை வெட்டி உள்ளே ஒட்டுவார். பித்தளைக்கு அந்த இரக்கம் அவரிடம் இருந்தது.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு சாமானை நடுப்பார்த்துப் பிடித்துவிட்டால், வேலை முடியும்வரை கழற்றக்கூடாது. கழற்றி மறுபடி பிடித்தால் அது பழைய இடத்துக்கு வராது, மயிரளவு விலகும், அந்த மயிரளவில் எல்லாம் கெட்டுவிடும். லேத் வைத்திருக்கிற எவரும் இதைச் சொல்வார்கள், என் மருமகனும் சொல்கிறான். ஆனால் அப்பா அதற்கு மேலே ஒன்று செய்வார். இறுக்கிய பிறகு, வண்டிச் சில்லுக்கு அடிக்கிற சிவப்புப் பெயின்றைத் தொட்டு, நட்டின் மேலிருந்து போல்ட்டின் நுனிக்கு ஒரு கோடு இழுத்துவிடுவார். யாராவது நட்டை ஒரு துளி திருப்பினாலும் கோடு இரண்டாகிவிடும். அவர் சாப்பிட வரும் நேரத்தில் யாரும் கைவைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அது. வீட்டில் இருந்தது அம்மாவும் அண்ணாவும் நானும் மட்டும்தான்.

அண்ணாவின் கையையும் சொல்லவேண்டும். அவன் சின்ன வயதில் வண்டியிலிருந்து விழுந்து முழங்கை முறிந்தது. முறிவு நெரிவு கட்டுகிற பரியாரியார் கட்டினார். எண்ணெய்த் துணி சுற்றி, மூங்கில் வரிச்சு வைத்து, இரண்டு நாளைக்கொருதரம் அவிழ்த்துப் பார்த்துத் திரும்பக் கட்டினார். பொருந்திய கை கோணல். அந்தக் கோணல் கையால் அண்ணா மரம் ஏறினான், மாடு பிடித்தான், ஊரிலேயே வேகமாகப் பந்து எறிந்தான். அப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, கோணல் மட்டும்தான் பட்டது. சாப்பிட இருக்கும்போது அந்த முழங்கையைப் பார்ப்பார், பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார். "அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினா இப்பிடித்தான் வரும். காசுக்காகத் திரும்பத் திரும்ப வரப்பண்ணுற வேலை" என்பார். பெற்ற பிள்ளையை யாரோ கெடுத்துவிட்ட வேலையாகப் பார்த்த மனிதர் அவர்.

பெரும்போக அறுவடை முடிந்து, மிளகாய்க் கன்றுகளுக்கு இறைப்புத் தொடங்கிய நாட்களில் நான் விழுந்தேன். வாய்க்கால் மதகின் மேலிருந்து எதிர்க் கட்டுக்குப் பாய்வது எங்கள் விளையாட்டு. கால் வழுக்கி, வலது கையை ஊன்றிக் கொங்கிரீற்றில் விழுந்தேன். முன்கை நடுவில் இன்னொரு மூட்டு வந்ததுபோல் வளைந்து நின்றது. அண்ணாதான் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

அம்மா பரியாரியாரைக் கூப்பிடலாம் என்றார். அப்பா அண்ணாவின் முழங்கையைக் காட்டினார். அம்மா அப்படியென்றால் ஆஸ்பத்திரி என்றார். ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள், போனால் நாட்கணக்கில் நிற்கவேண்டும், கொட்டகையில் இறைக்கிற மிசின்கள் வரிசையில் கிடக்கின்றன என்றார் அப்பா. பிறகு என் கையைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய முகத்தில் பயமோ கவலையோ இல்லை. ஒரு வேலை வந்த சந்தோசம் இருந்தது. அதை நான் அப்போதே கண்டேன்.

"உதுக்கேன் ஆரையும் கூப்பிடவேணும்? நான் பிடிக்கிறன்."

கொட்டகையில் என்னைக் கட்டையில் இருத்தி, நல்ல கையான இடது கையைக் கலிப்பரால் அளந்தார். மணிக்கட்டில், நடுவில், முழங்கைக்குக் கீழே. இரும்பு குளிர்ந்தது. நான் அழுததில் உடம்பு குலுங்கியது.

"அழாதை. அளவு பிழைக்கும்."

பிறகு எஞ்சினை இயக்கினார். பாலைக் குற்றியைப் பிடித்துக் குடையத் தொடங்கினார். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, என் கைக்கான மரம் கடையப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டுப் பக்கம் ஒடுங்கி, மேலே அகன்று, உள்ளே வழுவழுவென்று நல்ல வேலைதான் அது. பொய் சொல்லக்கூடாது. மிசினோடு வந்து காத்திருந்த தோட்டக்காரர்கள் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். "அண்ணை, உங்கட மூளைக்கு நீங்கள் வெள்ளைக்காரன்ரை நாட்டில பிறந்திருக்கவேணும்" என்றார் ஒருவர். மரத்தைப் பிளந்து, ரியூப் ஒட்டி, பட்டி இரண்டும் செய்து முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

அண்ணா முழங்கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். நான் கத்தியதில் வளவிலிருந்த கோழிகள் பறந்தன என்று அண்ணா பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வான். எலும்பு இடத்துக்கு வந்ததை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். மரத்தின் இரண்டு பாதியையும் வைத்து மூடினார். பட்டிகளைப் போட்டு ஸ்பனரால் இறுக்கினார். கை அசைகிறதா என்று பார்த்தார். இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். பிறகு சிவப்புப் பெயின்றை எடுத்து வந்து இரண்டு நட்டிலும் கோடு இழுத்தார். பெயின்ற் காயுமட்டும் அசையாமல் இருக்கச் சொன்னார்.

அன்றைய வலியை நான் உங்களுக்கு எழுதப்போவதில்லை. எழுதினாலும் விளங்காது. மறுநாள் விரல்கள் வீங்கி, மரத்தின் வாயிலிருந்து கத்தரிப்பிஞ்சுகள் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அப்பா, கொஞ்சம் இளக்கிவிடுங்கோ. கொஞ்சம் போதும்."

"இளக்கினா எலும்பு விலகும். பிறகு உன்ரை அண்ணன்ரை கைதான். உனக்குக் கோணல் கை வேணுமோ?"

"ஓம், வேணும்."

"விசர்க் கதை கதையாதை."

அன்றைக்கே பரியாரியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்காக அல்ல. அவருடைய தோட்டத்து மிசினின் தண்டு தேய்ந்திருந்தது, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பெரிய குங்குமப் பொட்டும் சால்வையும், வாயில் எப்போதும் வெற்றிலையும். என் அழுகையைக் கேட்டுக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தவர் பக்கத்தில் வந்து குந்தினார். என் நடுவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளிறிய நகம் வெளிறியபடியே நின்றது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"தம்பி, இதைக் கழட்டு. ரத்தம் ஓடேல்லை."

அப்பா லேத்திலிருந்து தலை தூக்கவில்லை. "உங்கட தண்டு நாளைக்கு முடியும். போட்டு வாங்கோ."

அம்மா பின்னாலே ஓடிப்போய் வாசற் படலையில் அவரைப் பிடித்துக்கொண்டார். நானும் தொடர்ந்து போனேன்.

"பரியாரியார், நீங்களே ஒருக்காக் கழட்டி விடுங்கோ. அவர் பேசினா நான் பாத்துக்கொள்ளுறன்."

"பிள்ளை, மற்றவன் கட்டின கட்டை நான் தொடுறேல்லை. தொட்டா என்ரை கைராசி போயிடும். எங்கட அப்பன் காலத்திலயிருந்து அப்பிடித்தான். கட்டினவன் அவிழ்க்கவேணும், இல்லாட்டி வீட்டுக்காரன் வாயால சொல்லவேணும்."

"அவர் சொல்லமாட்டார்."

"அப்ப என்ன செய்யிறது? நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன்."

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அந்த மனிதருக்கு என் கை போகப்போகிறது என்று தெரியும். அவருடைய கையின் ராசி அதைவிடப் பெரிதாக இருந்தது. அவருடைய சாவுக்கு ஊர் முழுக்கத் திரண்டு போனது. நான் போகவில்லை.

மத்தியானம் அப்பா இரும்புக் கம்பி எடுக்கப் பரந்தனுக்குப் போனார். அம்மா கொட்டகைக்குள் போய் ஸ்பனரோடு வந்தார். என் கையைத் தன் மடியில் வைத்தார். குசினி அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஸ்பனரை நட்டில் பொருத்தினார். பிறகு குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். மெல்லிய, நேரான கோடு. விரலால் தொட்டுப் பார்த்தார், காய்ந்துவிட்டது. வீட்டில் சிவப்புப் பெயின்ற் இருக்கிற தகரப்பேணியை அப்பா அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"அம்மா, திருப்புங்கோ."

"நாளைக்கு அப்பாட்டைக் கேப்பம், என்ன?" என்றார். ஸ்பனரைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார். இரும்பு மேசையில் அது படும் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மாவை நான் கடைசிவரை பார்த்தேன், குளிப்பாட்டினேன், சோறூட்டினேன். அந்தச் சத்தத்தை மன்னிக்கவில்லை.

அடுத்து வந்த ஒரு விடியற்காலை வலி நின்றது. விழித்துப் பார்த்தால் கை இருக்கிறதே தெரியவில்லை. வீங்கிய விரல்களை அண்ணா நுள்ளிப் பார்த்தான், எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அவன் யாரையோ நுள்ளுவது போலிருந்தது. நான் அழவில்லை என்பதை வீடு கண்டுகொண்டது. அப்பா, "நான் சொன்னனான்தானே, இருந்து பிடிக்கவேணும் எண்டு" என்றார். அம்மா குளித்து, சாம்பிராணி போட்டு, பிள்ளையார் கோவிலுக்குப் போய் நேர்ந்த தேங்காயை உடைத்தார். சர்க்கரைப் பொங்கல் செய்து எனக்கு ஊட்டிவிட்டார். தாங்கிக்கொண்டாள், கெட்டிக்காரி என்று அயலிலிருந்து வந்தவர்கள் என் தலையைத் தடவினார்கள். நானும் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் கை செத்த நாளை நாங்கள் அப்படிக் கொண்டாடினோம்.

சித்திரை வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகவேண்டும் என்பதால், அதற்கு முதல்நாள் அப்பா நட்டுகளைக் கழற்றினார். கோடுகள் முழுதாக இருக்கின்றனவா என்று முதலில் பார்த்தார். மரம் திறந்தது. செத்த தோலின் நாற்றம் கிளம்பியது, அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்பா அளவு பார்க்கிற அடிமட்டத்தை எடுத்து என் முன்கையின் மேல் நெடுக்கே வைத்தார். கண்ணைக் கீழே இறக்கி, அடிமட்டத்துக்கும் கைக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

பிறகுதான் விரல்களைப் பார்த்தார். அவை உள்ளங்கைக்குள் கோழிக்கால் போல மடங்கிக் கிடந்தன.

"விரி."

எனக்கு விரிக்க முடியவில்லை. அவர் பிடித்து விரித்துப் பார்த்தார், விட்டதும் அவை திரும்ப மடங்கின.

"பஞ்சி. இவ்வளவு நாளும் சும்மா கிடந்த பஞ்சி" என்றார்.

விரல்களின் சோம்பலுக்கு அவர் வைத்த அந்தச் சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நட்டுகளைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடச் சொல்வார். பொறுக்க முடியாவிட்டால் பஞ்சி. நான் இடது கையால் சாப்பிடத் தொடங்கினேன். வீட்டில் பரவாயில்லை. கோவில் அன்னதானத்தில், கலியாண வீட்டில், பக்கத்தில் இருப்பவர்கள் இலையைக் கொஞ்சம் அப்பால் இழுத்துக்கொள்வார்கள். குருக்கள் திருநீறு தரும்போது நான் இடது கையை நீட்டினால் கையை மேலே தூக்கிக்கொள்வார். அந்தக் கழுவுகிற கையால் தின்னுற பெட்டை என்று என் காதுபடவே சொன்னார்கள். பிறகு நான் பந்தியில் உட்காருவதை விட்டேன்.

கடைசியில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு அருமையாப் பொருந்தியிருக்கு. கட்டினது ஆர்?"

"நான்தான்" என்றார் அப்பா. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருதரம் கழட்டிப் பாத்திருந்தா பிள்ளையின்ரை கை தப்பியிருக்கும். ரத்தம் போகாமல் சதை செத்துப்போச்சு. இனி ஒண்டும் செய்யேலாது."

"கழட்டியிருந்தா எலும்பு விலகியிருக்கும் டொக்டர்."

டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எழும்பும்போது அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் படத்தைத் தரமுடியுமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கொட்டகை ஜன்னலில் வெளிச்சம் படும்படி தொங்கவிட்டார். மிசின் கொண்டு வருகிறவர்களுக்குக் காட்டுவார். "எங்கை முறிஞ்சதெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்பார். யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் படத்தைப் பார்ப்பார்கள். தேத்தண்ணீர் கொண்டு வருகிற என்னைப் பார்க்கமாட்டார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மிளகாய்த் தோட்டக்காரர். அந்த வெயில் முடியுமுன் அவருடைய மகன் மாமரத்திலிருந்து விழுந்தான். என்னைவிடச் சின்னவன். வலது முன்கை, என்னுடையது மாதிரியே. துணியால் தூளி கட்டி, மகனைச் சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

"அண்ணை, என்ரை பெடியனுக்கும் அப்பிடி ஒண்டு செய்து தாங்கோ."

அப்பா அதற்குள் கலிப்பரை எடுத்துவிட்டார். நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, என் வலது கையைப் பாவாடைக்குள்ளிருந்து எடுத்து மேசையின் மேல், தோட்டக்காரர் முகத்துக்கு நேரே வைத்தேன். அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"உது பஞ்சி" என்றார் அப்பா. "சொல்லச் சொல்ல விரலை அசைக்கேல்லை. நீங்கள் எலும்பைப் பாருங்கோ."

தோட்டக்காரர் ஜன்னலைப் பார்த்தார். "ஓம், எலும்பெண்டா நேர்தான்" என்றார்.

இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்தார்கள். மரத்தை மூடி இறுக்கினார்கள். அப்பா சிவப்புக் கோடு இழுத்தார்.

மறுநாள் காலை அவனுடைய அழுகை வாய்க்காலைத் தாண்டி எங்கள் வளவுக்குக் கேட்டது. அந்த அழுகை எனக்கு மனப்பாடம். அது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து எப்போது நிற்கும் என்பது இந்தப் பூமியில் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டது. கூட்டிக்கொண்டே இருந்தார்.

அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஸ்பனரையும் கம்பி பிடிக்கிற குறடு ஒன்றையும் எடுத்துப் பாவாடையில் செருகினேன். வாய்க்காலில் இறங்கி நடந்து போனேன். அவனுடைய தாய் வளவுக் கோடியில் பாயில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். பெடியன் ஓலை வேய்ந்த மாலில் தனியாகக் கிடந்தான். விரல்கள் வீங்கியிருந்தன.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

"ஓமக்கா."

"நல்லது" என்றேன். நோகிறது என்றால் கை இன்னும் இருக்கிறது.

இடது கையால் ஸ்பனரை நட்டில் போட்டுத் திருப்பினேன். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றியது. போல்ட்டின் தலையை யாராவது பிடித்தால்தான் நட் கழலும், அதற்கு இன்னொரு கை வேண்டும். முழங்காலால் அமர்த்திப் பார்த்தேன். பல்லால் கடித்துப் பார்த்தேன், பல் வழுக்கி உதடு கிழிந்தது. என்னுடைய செத்த கையை அந்த நேரம் வெட்டி வாய்க்காலில் எறியலாம் போலிருந்தது.

"இஞ்சை தா அக்கா" என்றான் அவன். குறட்டைத் தன் இடது கையில் வாங்கிக்கொண்டான். அழுதுகொண்டே போல்ட்டின் தலையைக் கவ்விப் பிடித்தான். அவன் பிடிக்க, நான் திருப்பினேன். கோடு இரண்டானது. நட் இளகியது. அடுத்ததும் இளகியது. மரத்தைத் திறந்ததும் அவன் கத்திய கத்தலில் தாய் மிளகாய்க் கையோடு ஓடிவந்தார். நான் அவனுடைய நகத்தை அழுத்திவிட்டு எடுத்தேன். வெளிறி இருந்த நகம் மெதுவாகச் சிவந்தது.

அவிழ்ந்து கிடந்த கையைப் பரியாரியார் தொடலாம். அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எண்ணெய்த் துணியும் மூங்கிலுமாகக் கட்டினார், அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

தோட்டக்காரர் எங்கள் வீட்டுக்கு மரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து எறிந்துவிட்டு, பெண்பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம் என்று ஏசினார். அப்பா மரத்தைக் கையில் எடுத்து, உடைந்த கோட்டைப் பார்த்தார்.

"ஒரு வேலையைக் கெடுத்துப்போட்டாய்" என்றார். அவ்வளவுதான். திரும்பி லேத்துக்குப் போனார்.

அம்மாதான் அடித்தார். கன்னத்தில், கை வலிக்குமட்டும். "ஆற்றை பிள்ளையின்ரை கையைக் கழட்ட உனக்கு ஆர் சொன்னது? எவ்வளவு துணிவடி உனக்கு?"

"என்ரையை நீங்கள் ஏன் கழட்டேல்லை?"

தூக்கிய கை அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அதில கோடு இருந்ததடி" என்றார்.

ஆவணி வாக்கில், நான் வாய்க்காலில் தண்ணீர் அள்ளப் போனபோது, அந்தப் பக்கத்து வேலிக்குள் பெடியன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கட்டு அவிழ்த்திருந்தார்கள். கை கோணல்தான், அண்ணாவுடையதை விட மோசம். தாய் என்னைக் கண்டுவிட்டார்.

"வந்து பாரடி, உன்னால வந்த கோலத்தை. ஆம்பிளைப் பிள்ளையின்ரை கை. நல்லா இருப்பியோ நீ?"

நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தக் கோணல் வலது கையால் சோற்றைக் குழைத்தான். பருப்பைச் சேர்த்துப் பிசைந்தான். ஐந்து விரலாலும் கூட்டி எடுத்து வாயில் வைத்தான், விரல்களை நக்கினான், மறுபடி குழைத்தான். அவன் தாய் ஏசிக்கொண்டே இருந்தார். சோற்றுக் கோப்பை காலியாகுமட்டும் நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.